குலத்தொழிலிலிருந்து தொழிற்பயிற்சிக்கு

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காண்கிறது. மலர்க் குழுவினர் இளைஞர்களுக்குப் பயன்படும் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டபோது, அரசர்களின் போர்களைப் பற்றி எழுத நமக்கு மனம் ஒப்பவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் காலை ஏழு மணிக்குத் தெருவில் நின்று பாருங்கள். விமானப்படைத் தளத்துக்கும், ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் விரைகின்ற மனிதர்களைக் காணலாம். அவர்களுள் நம் தெருப்பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய பாட்டனார்களுக்குத் திறக்காத அந்தக் கதவுகள் இவர்களுக்கு எவ்வாறு திறந்தன என்பதும் ஒரு வரலாறே. அதுவே ஈண்டுப் பொருள்.

இப்பொருளை நாம் தேர்ந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவனின் தந்தையைப் பள்ளிக்கு அழைத்து, "பையனை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடுங்கள்" என்றோம். அவர் கட்டட வேலை செய்பவர், நம்மவர். சிறிது நேரம் தரையைப் பார்த்தவாறு நின்றார். பின்பு, "சார், ஒங்க புள்ளையா இருந்தா அனுப்புவீங்களா?" என்று கேட்டார். நமக்கு உடனே விடை வரவில்லை. பிறருக்கு வினாத்தாள் வகுத்தே பழகிய தலைமையாசிரியரை ஒரு கொத்தனார் ஒற்றை வினாவில் மடக்கிவிட்டார்.

வாய்மூடி நின்றதற்குக் காரணம் இருந்தது. 1980களில் நாம் மாணவராக இருந்தபோது, மேல்நிலை வகுப்பில் அறிவியற் பிரிவு கேட்டுச் சென்ற நம்மிடம், மதிப்பெண் பட்டியலைப் பிரித்தும் பாராமல், "உங்களுக்கெல்லாம் தொழிற்பிரிவு போதாதா?" என்றார் ஓர் ஆசிரியர். அன்று நம் தாயார் அவ்வலுவலக வாயிலில் நண்பகல் வரை நின்றிராவிடில் நாம் பட்டம் பெற்றிருக்க மாட்டோம். அந்தச் சொல்லைக் கேட்ட நாமே அதே சொல்லை வேறு குரலில் சொல்லிவிட்டோமோ என்னும் ஐயம் பல நாள் உறக்கத்தைக் கெடுத்தது. தொழிற்கல்வி நமக்குத் திறவுகோலா, அன்றி விலங்கா? வரலாற்றைப் புரட்டினால் இரண்டாகவும் அது இருந்திருக்கிறது.

வீடே பள்ளியாக இருந்த காலம்

தொழிலைக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு இல்லாத நாடு உலகில் இல்லை. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டிலேயே, கைவினைஞனாக விரும்புவோன் ஏழாண்டுகள் ஓர் ஆசானிடம் பழகுநராக இருத்தல் வேண்டும் என்று சட்டம் செய்தனர். நம் நாட்டிலோ சட்டம் தேவைப்படவில்லை. பிறப்பே சட்டமாக இருந்தது. தச்சன் மகன் தச்சன். கொல்லன் மகன் கொல்லன். அவர்களுக்கு வீடே பட்டறை, தந்தையே ஆசான். அந்தப் பள்ளியின் நுழைவுச் சீட்டைப் பணங்கொடுத்தும் வாங்க இயலாது.

நம்மவர்க்குத் தொழில் தெரியாது என்று சொல்வோர் வரலாறு அறியாதவர். செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். (நம் ஊரும் 1997 வரை அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே, அதன் பின்னரே திருவள்ளூர் மாவட்டமாயிற்று.) ஏரியின் மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் விடுவது என்று கணக்கறிந்து பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் நம்மவர்களே. தோலைப் பதனிடுவதும், பறைக்குத் தோல் கட்டுவதும், நாற்று நடுவதும், நெற்களம் காப்பதும் திறமையன்றி வேறென்ன? ஆனால் அத்திறமைக்குச் சான்றிதழ் இல்லை, உரிய கூலியில்லை, விட்டு விலகும் உரிமையும் இல்லை. பண்ணையாளின் மகன் உளி பிடிக்க விரும்பினால், கற்றுக்கொடுப்பார் எவருமிலர்.

வெள்ளையர் ஆட்சியில்

சென்னையில் தொழிற்கல்வியின் தொடக்கம் பழமையானது. 1794இல் தொடங்கப்பெற்ற நில அளவைப் பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் பிராட்வேயில் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னர் அரசின் கைத்தொழிற் கலைப் பள்ளியாக எழும்பூரில் நிலைபெற்றது. 1856இல் பெரம்பூரில் ரயில்வே பட்டறை தோன்றியது. இரும்பு, நீராவி, கடைசல் இயந்திரம் ஆகியவற்றோடு சென்னை உழைப்பாளிகள் கைகுலுக்கியது அங்கேதான். எனினும் பட்டறையின் மேற்பார்வைப் பதவிகளுக்கான பயிற்சி பெரும்பாலும் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்குமே கிட்டியது. கரி அள்ளவும் பாரம் தூக்கவும் நம்மவர் வேண்டியிருந்தனர்.

1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக் குழு (இவர் வேறு ஹண்டர்), உயர்நிலைப் பள்ளியில் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பாதை ஒன்று, வாழ்க்கைத் தொழிலுக்குச் செல்லும் பாதை ஒன்று என இரண்டாகப் பிரிக்கலாம் என்றது. இன்றுவரை நாம் படும் பாட்டுக்கெல்லாம் வித்து அங்கே இருக்கிறது. பாதை இரண்டானால், ஒன்று மேட்டுக்கும் மற்றொன்று பள்ளத்துக்கும் செல்வது நம் சமூகத்தின் இயல்பு.

1897இல் கலைப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியாளர் ஊக்கமிக்கவர். அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை இந்நகரில் வேரூன்றச் செய்தவர் அவரே. குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளையும் நடத்தினார். அரசே தொழில் நடத்திக் காட்டுவதா என்று வெள்ளை வணிகர் முறுமுறுத்தனர்; 1910இல் இந்திய அமைச்சராயிருந்த மார்லி பிரபு, அரசு தொழிற்கல்வியோடு நின்றுகொள்ள வேண்டுமேயன்றித் தொழிலை நடத்தலாகாது என்று ஆணையனுப்பினார். கல்வி கொடுக்கலாம், வேலை கொடுக்கலாகாது என்னும் விந்தையான கொள்கை இது. நீந்தக் கற்பித்துவிட்டுக் குளத்தைப் பூட்டிய கதை.

தோல் தொழிலைப் பற்றி இங்கே ஒரு சொல். தோலைத் தொட்டவனை ஊருக்கு வெளியே நிறுத்தியது இச்சமூகம். 1915இல் சென்னையில் தோல் தொழிற்பள்ளி ஏற்பட்டது; 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. சேரியில் தீட்டாக இருந்த அதே தோல், வகுப்பறைக்குள் வந்ததும் அறிவியலாகிவிட்டது. எவரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. தொழிலுக்கு இழிவில்லை, அதைச் செய்பவனின் பிறப்புக்கே இழிவு கற்பிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சேரிக்குள் வந்த எழுத்து

தொழிற்கல்விக்கு முன் எழுத்தறிவு வேண்டும். எழுத்தறிவுக்கே நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரமென்கீர் 1891இல் நம் மக்களின் நிலையை விளக்கி எழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. 1893இல், பஞ்சமர் கல்விக்கென அரசாணை எண் 68 வெளியாயிற்று. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் நம் குழந்தைகட்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரும், இரட்டைமலை சீனிவாசனாரும், எம்.சி. ராஜா அவர்களும் கல்விக்காக எழுப்பிய குரல் அனைவரும் அறிந்ததே, விரிக்க வேண்டா. 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையரிடம் நம் மக்களின் நலன் ஒப்படைக்கப்பட்டதால், சேரிகளில் எழுந்த பள்ளிகள் 'லேபர் ஸ்கூல்' என்றே பெயர் பெற்றன. நம் பாட்டனார் கையெழுத்துப் போடக் கற்றது அத்தகைய ஓலைக் கூரைப் பள்ளியொன்றில்தான். இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அதுவே.

இதே காலத்தில் கடலுக்கப்பால், அமெரிக்க நீக்ரோ மக்களிடையே ஒரு பெரும் வழக்கு நிகழ்ந்தது. அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881இல் டஸ்கீகி என்னுமிடத்தில் கல்விக்கூடம் நிறுவி, செங்கல் அறுக்கவும், மரவேலை செய்யவும், பண்ணை நடத்தவும் தம் மக்களைப் பயிற்றினார். முதலில் கைத்தொழில், பொருள். உரிமைகள் பின்னர் வரும் என்பது அவர் வழி. டாக்டர் டூபாய்ஸ் 1903இல் இதை மறுத்தெழுதினார். கைகளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, வாக்குரிமையையும் உயர்கல்வியையும் தள்ளிவைத்தால், எசமானனுக்கு நல்ல வேலையாட்கள் கிடைப்பார்களேயன்றி விடுதலை கிடைக்காது என்பது அவர் வாதம். இருவருமே தம் மக்களை நேசித்தவர்கள். நம் கொத்தனார் கேட்ட வினா, உண்மையில் டூபாய்ஸ் கேட்ட வினாவே.

அண்ணல் கண்ட வழி

இந்தியாவில் இவ்விரு வழிகளையும் ஒன்றாகப் பிணைத்தவர் அண்ணல் அம்பேத்கர். அரசியற் சட்டத்தைச் செய்தவராக அவரை அறிந்த அளவுக்கு, தொழிற்பயிற்சியின் வரலாற்றில் அவருக்குள்ள இடத்தை நம் இளைஞர் அறியார்.

1940இல், உலகப் போரின் நடுவே, படைக்கலத் தொழிற்சாலைகளுக்குக் கைதேர்ந்த தொழிலாளர் வேண்டியிருந்தமையால், இந்திய அரசு போர்க்காலத் தொழில்நுணுக்கப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் பட்டறைகளில் இளைஞர்கள் குறுகிய காலத்தில் ஃபிட்டராகவும் டர்னராகவும் வெல்டராகவும் பயிற்றப்பட்டனர். தேர்ந்தெடுத்த சிலர், பெவின் பயிற்சியாளர் என்ற பெயரில் இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டனர். தந்தை என்ன தொழில் செய்தார் என்று கேட்கப் போருக்கு நேரமில்லை. கை ஓடுகிறதா, அளவு சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இத்திட்டம் அரசின் தொழிலாளர் துறையைச் சார்ந்தது. 1942 சூலை முதல் 1946 வரை அத்துறையின் பொறுப்பாளராக வைசிராயின் நிருவாகக் குழுவில் அமர்ந்திருந்தவர் அண்ணல். பொறுப்பேற்ற சில திங்களிலேயே, 1942 அக்டோபர் 29ஆம் நாள், தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகள் பற்றி லின்லித்கோ பிரபுவுக்கு விரிவான ஒரு விண்ணப்பம் அளித்தார். கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் மட்டும் நம் மக்களை உயர்த்தா, அறிவியலிலும் தொழில்நுணுக்கத்திலும் உயர்கல்வி வேண்டும், அது நம்மவர் கைப்பொருளுக்கு எட்டாதது, ஆகவே அரசு உதவ வேண்டும் என்று வாதிட்டார். வெளிநாட்டுக் கல்விக்கும் தொகை கேட்டார். அதே விண்ணப்பத்தில், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களைப் பழகுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார்.

இதை ஆழ்ந்து நோக்க வேண்டும். பட்டறையா பல்கலைக்கழகமா என்று அவர் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்ற அறிஞர், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் பழகுநனையும் மறக்கவில்லை. 1943இல் மத்திய அரசுப் பணிகளில் 8⅓ விழுக்காடு இடம் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1944இல் ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் அளவில் கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் பெறும் மேற்படிப்பு உதவித்தொகையின் ஊற்றுக்கண் அதுதான்.

1945இல், போர்முனையிலிருந்து திரும்புவோர்க்கு மறுவாழ்வும் வேலையும் தேடித்தரத் தனி இயக்ககம் ஏற்பட்டது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அதன் கீழ்ப் பிறந்தன. நாட்டுப் பிரிவினைக்குப் பின், அகதிகளாக வந்தோர்க்கும் அங்கே பயிற்சியளித்தனர். 1950இல் இப்பயிற்சி எல்லார்க்கும் பொதுவாக்கப்பட்டுக் கைவினைஞர் பயிற்சித் திட்டம் என்று பெயர் பெற்றது. சுமார் ஐம்பது நிலையங்களோடு தொடங்கிய அத்திட்டமே நாம் ஐ.டி.ஐ. என்றழைக்கும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களின் பிறப்பு. சென்னைத் தொழிலாளர் சங்கத்தோடு தொடர்புடையவரான பி. சிவராவ் தலைமையிலமைந்த குழு தந்த பரிந்துரைகளின்படி, 1956இல் இந்நிலையங்களின் நிருவாகம் மாநில அரசுகளுக்கு மாறிற்று. பாடத்திட்டம் வகுக்கவும், தேர்வு நடத்தவும், நாடு முழுவதும் செல்லும் ஒரே சான்றிதழ் வழங்கவும் அதே ஆண்டில் தேசியக் குழு ஒன்று அமைந்தது. காசுமீரத்தில் தேறிய வெல்டரும் கன்னியாகுமரியில் தேறிய வெல்டரும் ஒரே தாளைக் கையில் ஏந்தினர். அத்தாளில் தொழிலின் பெயர் இருந்தது. அது பிறப்பால் வந்த பெயரன்று, தேர்வால் வந்த பெயர்.

அரைநாட் பள்ளி

இதற்கிடையில் சென்னை மாநிலத்தில் சக்கரம் பின்னோக்கிச் சுழன்ற கதையையும் சொல்லியாக வேண்டும். 1953இல் முதலமைச்சர் இராசாசி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு, எஞ்சிய நேரம் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் பழகலாம் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிகள் போதவில்லை, இருவேளை முறையால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம், உடலுழைப்புக்கு மதிப்பு உண்டாகும் என்று அதனை ஆதரித்தோர் கூறினர். காந்தியடிகளின் ஆதாரக் கல்வியையும் துணைக்கழைத்தனர். ஆயினும், தந்தையின் தொழிலை மகன் பழக வேண்டுமென்றால், நம் தெருவில் என்ன பொருள்? அந்நாள் சேரிச் சிறுவன் பிற்பகலில் பழகக்கூடியது ஆண்டையின் மாட்டுத்தொழுவமும், செத்த மாட்டின் தோலுந்தானே? பெரியார் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார், மாநிலமே கொந்தளித்தது. 1954இல் இராசாசி பதவி விலகக் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டு மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒரே பத்தாண்டுக்குள், ஒருபுறம் பிறப்பைக் கேளாத பயிற்சி நிலையமும் மறுபுறம் பிறப்பை மட்டுமே கேட்கும் அரைநாட் பள்ளியும் நம் முன் நின்றன. இரண்டுக்கும் பெயர் தொழிற்கல்வியே.

நம் வாசலில் வந்த தொழிற்சாலைகள்

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது ஆவடி படைத்துறையின் பெரும் பண்டகசாலையாக விளங்கியது. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்னும் ரயில் நிறுத்தம் அதன் நினைவை இன்றும் சுமக்கிறது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானித்தது. அவ்வாண்டே பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1965இல் முதல் விசயந்தா டேங்க் அங்கிருந்து வெளிவந்தது. ஏரிக்கரையும் கம்பங்கொல்லையுமாக இருந்த நிலத்தில் பதினைந்தாண்டுகளில் இத்தனை மாற்றம்!

தொழிற்சாலை வந்தால் போதுமா? உள்ளே செல்ல வழி வேண்டுமே. 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் அவ்வழியை அமைத்தது. குறிப்பிட்ட தொழில்களை நடத்துவோர், தம் தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்பப் பழகுநர்களைக் கட்டாயம் சேர்த்துப் பயிற்றி, உதவித்தொகையும் தர வேண்டும் என்றது அது.

நம் பெரியப்பா ஒருவர் அக்காலத்தில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயின்றார். முதல் சில வாரங்கள் அரம் பிடிப்பது மட்டுமே பாடமாம். வைஸில் இரும்புத் துண்டைக் கவ்வவைத்து, இரு கால்களையும் அகற்றி நின்று, அரத்தைத் தள்ளும்போது அழுத்தியும் இழுக்கும்போது தளர்த்தியும் இராவ வேண்டும். பின்பு மூலைமட்டத்தை வைத்து விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பார் பயிற்றுநர். இரும்புக்கும் மட்டத்துக்கும் இடையே வெளிச்சம் ஒரு மயிரிழை தெரிந்தாலும், "மறுபடி" என்று ஒற்றைச் சொல்தான். கை கொப்பளித்து, உடைந்து, காய்ப்பேறும். "ஊருல எந்த வேல செஞ்சாலும் ஆண்டை சொன்னதுதாம்பா சரி, தப்பு. அங்க வெளிச்சம்தான் சொல்லும்" என்பார் பெரியப்பா. அளவுகோலுக்குச் சாதி தெரியாது என்பதை இதனினும் நன்றாக நாம் எந்நூலிலும் படித்ததில்லை.

ஆனால் அளவுகோலை வைத்திருக்கும் மனிதனுக்குச் சாதி தெரியுமே! சான்றிதழ் பெற்று வெளிவந்த அவர், தனியார் பட்டறை ஒன்றில் பழகுநராகச் சேர்ந்தார். ஓராண்டுக் காலத்தில் பெரும்பகுதி, கடைசல் இயந்திரத்தின் கீழ் விழும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளவும், தேநீர் வாங்கி வரவும், கழிவறைக்கு நீர் இறைக்கவுமே கழிந்தது. தேநீரை அவர் வாங்கி வரலாம். குவளையை மட்டும் தனியே வைக்க வேண்டும். பதிவேட்டில் அவர் ஃபிட்டர் பழகுநர். பின்னாளில் அரசுத் தொழிற்சாலையில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை, அந்த ஓராண்டைப் பற்றி அவர் விரிவாகப் பேசியதே இல்லை.

இத்தகைய நிலைகளுக்கு நடுவேதான், 1973இல் பழகுநர் சட்டம் திருத்தப்பட்டு 3ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு தொழிலிலும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்பது அதன் ஆணை. தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ஒதுக்கீடு என்பதால் இதற்குத் தனிச் சிறப்புண்டு. தனியார் துறையில் இடஒதுக்கீடு கூடுமா என்று மேடைகளில் வழக்காடுகின்ற நம் இளைஞர்களுள் எத்துணைப் பேர் இப்பிரிவை அறிவர்? தமிழ்நாட்டில் கல்வி நிலையங்களில் நம் இடம் 1971இல் பதினெட்டு விழுக்காடானது; ஐ.டி.ஐ. சேர்க்கைக்கும் அது பொருந்தும்.

பள்ளிக்குள் தொழிற்பிரிவு

கோத்தாரி குழு 1966இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது, அதனோடு தொழிற்பிரிவும் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய மால்கம் ஆதிசேசையா தலைமையிலான தேசியக் குழு, அவ்வாண்டே இதனை வலியுறுத்தி அறிக்கை தந்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 1995க்குள் மேல்நிலை மாணவரில் நூற்றுக்கு இருபத்தைவர் தொழிற்பிரிவில் இருப்பர் என்று குறி வைத்தது. குறி எட்டப்படவில்லை. எவ்வாறு எட்டும்? இயந்திரமின்றிப் பொறியியலும், கறவை மாடின்றிப் பால்பண்ணைத் தொழிலும் கரும்பலகையில் நடத்தியதை நாம் ஆசிரியராகவே கண்டிருக்கிறோம். கற்ற தொழிலுக்கு வேலையில்லை. மேற்படிப்புக்கும் வழி குறுகியது. அப்பிரிவில் சேர்க்கப்பட்டோர் யார் யார் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளையை அதில் நாம் கண்டதில்லை. அன்று அவ்வாசிரியர் நமக்குச் சுட்டிய கதவு அதுதான்.

பிற்காலத்துச் செய்திகள் பலவும் நீங்கள் அறிந்தவையே, சுருங்கச் சொல்வோம். ஐம்பதாயிருந்த தொழிற்பயிற்சி நிலையங்கள் நாடு முழுதும் பதினான்காயிரத்துக்கும் மேலாகப் பெருகின, பெரும்பாலானவை தனியாருடையவை. 2014இல் திறன் மேம்பாட்டுக்கென மத்திய அரசில் தனி அமைச்சகம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 71 அரசினர் நிலையங்கள், டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு, அங்கே இன்று எந்திர மனிதக் கையும் கணினிக் கடைசல் இயந்திரமும் நிற்கின்றன. பெரியப்பா கண்டால் வியந்து போவார்.

ஆயினும் பழைய வினா புதிய உடையில் வந்துகொண்டேயிருக்கிறது. மத்திய அரசு 2023இல் தொடங்கிய விசுவகர்மா திட்டம், பதினெட்டு மரபுத் தொழில்களைச் செய்வோர்க்குப் பயிற்சியும் கடனும் தருவது. விண்ணப்பிப்பவரின் குடும்பம் மரபாக அத்தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்னும் விதியை நீக்குமாறு தமிழ்நாடு அரசு 2024இல் கேட்டது. பின்பு, குடும்ப மரபு கேளாத கைவினைத் திட்டம் ஒன்றைத் தானே 2025இல் தொடங்கிற்று. கடன் பெறுவோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. உன் தந்தை என்ன செய்தார் என்று விண்ணப்பத்தாள் கேட்கும்போதெல்லாம், நம் மக்களுக்கு 1953 நினைவுக்கு வருவது இயல்பு என்பதையே சொல்கிறோம்.

நம் வாசலிலும் மாற்றம் நேர்ந்துள்ளது. ஆவடி டேங்க் ஃபேக்டரி 2021 அக்டோபர் முதல் நாளிலிருந்து அரசுத் துறையாக இல்லாமல், அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் பகுதியாகிவிட்டது. அண்மையில் அங்கே தொழில்நுணுக்கர் பணிக்கு ஒப்பந்த முறையில் ஆளெடுத்தனர். பெரியப்பா பெற்ற நிரந்தரமும் ஓய்வூதியமும் அவர் பேரனுக்கு இல்லை. சான்றிதழ் அதே சான்றிதழ்தான்.

இவ்வளவும் படித்தறிந்த பின், அந்தக் கொத்தனாரை ஒரு நாள் கடைத்தெருவில் கண்டு நாமே பேச்சைத் தொடங்கினோம். எம் பிள்ளையாக இருந்தால், முதலில் அவனை என்ன படிக்க விருப்பமென்று கேட்டிருப்போம், உம் மகனை அவ்வாறு நாம் கேட்கவில்லை, அது நம் பிழை என்றோம். அவர் சிரித்தார். பையன் எலெக்ட்ரீசியன் தேறிவிட்டானாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறானாம். அவனாகவே கேட்டுச் சேர்ந்தான் என்றார்.

அந்த வழி பலருக்குத் தெரியாதாகையால் இங்கே குறித்து வைக்கிறோம். எட்டாம் வகுப்புத் தேறியவர் வெல்டர், வயர்மேன் முதலிய சில பிரிவுகளிலும், பத்தாம் வகுப்புத் தேறியவர் ஃபிட்டர், எலெக்ட்ரீசியன், மெஷினிஸ்ட் போன்றவற்றிலும் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. பயின்றவர், மொழித் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகக் கொள்ளப்படுவர். எட்டாம் வகுப்புக்குப் பின் பயின்றவர் அவ்வாறே பத்தாம் வகுப்புக்கு இணையாவர். ஐ.டி.ஐ.யிலிருந்து பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கும், அங்கிருந்து பொறியியற் கல்லூரி இரண்டாம் ஆண்டுக்கும் நேரே செல்லலாம். அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கும் மாணவர்க்கும் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்கள் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. பெண்பிள்ளைகள் தையற்பிரிவை மட்டும் கேட்கிறார்கள். எலெக்ட்ரீசியன் பிரிவும் அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. பழகுநராகச் சேர்ந்தவரைக் கூட்டிப் பெருக்கவே விட்டால், பழகுநர் ஆலோசகர் என்னும் அரசு அலுவலரிடம் எழுத்தில் முறையிடச் சட்டம் இடம் தருகிறது. அம்முறையீட்டை எழுதித்தர நம் சங்கத்தில் ஆளுண்டு.

சேர்க்கை ஆண்டுதோறும் கோடையில், பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த பின் தொடங்கும், விண்ணப்பம் இணையவழியில். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றை முன்னரே எடுத்து வையுங்கள். சாதிச் சான்றிதழ் கிடைப்பதில் தாமதம் நேர்ந்தால் தாசில்தார் அலுவலகத்தில் தனியே அலையாமல் நம்மிடம் வாருங்கள். வேலை நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பின் பள்ளியில்தான் இருப்போம்.